கொசுவைத் தேடிய ஐந்து மாதங்கள்

கிந்தாப் பள்ளத்தாக்கில் நோய்களின் வரலாறு – 14

முதலில் இருமியவை பன்றிகள்தான். 1998ஆம் ஆண்டின் பிற்பகுதியில் ஈப்போவைச் சுற்றியிருந்த பண்ணைகளில் பன்றிகள் வாயைத் திறந்தபடி மூச்சு வாங்கின. இருமல், நாய் குரைக்கிற மாதிரி வறட்டுச் சத்தத்தோடு பக்கத்துப் பண்ணை வரை கேட்டது. சிலவற்றுக்குப் பின்னங்கால்கள் தள்ளாடின. சினைப் பன்றிகளும் ஆண் பன்றிகளும் காலையில் நன்றாக இருந்து மாலையில் செத்துக் கிடந்தன. ஆனாலும் நோய் கண்ட பன்றிகளில் பெரும்பாலானவை தேறிவிட்டன. பண்ணையில் இருமல் வருவதும் போவதும் புதிதல்லவே என்று விட்டுவிட்டார்கள்.

செப்டம்பர் மாதக் கடைசியில் மனிதர்கள் விழ ஆரம்பித்தார்கள். காய்ச்சல், தலைவலி, தலைச்சுற்றல். இரண்டு மூன்று நாளில் மயக்கம், கைகால் வெட்டி இழுப்பு, பிறகு நினைவே இல்லை. ஈப்போ பொது மருத்துவமனைக்கு வந்தவர்கள் பெரும்பாலும் தம்பூன், உலு பியா, அம்பாங் பக்கத்துப் பன்றிப் பண்ணைக்காரர்களும் அங்கே வேலை செய்தவர்களும். காம்பாரிலிருந்து கோப்பெங், சிம்பாங் பூலாய் தாண்டிப் போனால் ஏறக்குறைய 40 கிலோமீட்டரில் அந்த இடங்கள் வந்துவிடும். அன்றைக்குக் காம்பாரும் கிந்தா மாவட்டத்துக்குள்தான் இருந்தது. தனி மாவட்டமானது 2009இல். ஆகவே இது நம் வீட்டு வாசலில் நடந்த கதை. இருந்தும் இந்த நோய்க்குப் பின்னால் வந்த நிப்பா என்ற பெயரைச் சொன்னவுடன் எல்லோரும் நெகிரி செம்பிலானைத்தான் நினைக்கிறார்கள்.

சென்ற இதழில் பத்து காஜாவில் கெல்லி ஸ்மித்தின் மாளிகை வேலைக்கு வந்த தமிழ்த் தொழிலாளர்களை நச்சுக்காய்ச்சல் வாரிக்கொண்டு போனதையும், அதன் பிறகு அங்கே மாரியம்மன் கோயில் எழும்பியதாகச் சொல்லப்படுவதையும் பார்த்தோம். அப்போது நோயின் காரணம் யாருக்கும் தெரியாது. 1998இல் நிலைமை வேறு. காரணம் தெரியும் என்று எல்லோரும் நம்பினார்கள். அந்த நம்பிக்கைதான் ஐந்து மாதத்துக்கு மேல் விழுங்கிவிட்டது.

ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்றார்கள். அப்படிச் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. இந்த நோய் மலேசியாவில் ஏற்கெனவே உள்ளது. வயல்வெளிக் கொசு கடித்து வருவது. கிருமி பெருகுவது பன்றியின் உடலில். தமிழ்நாட்டுக்கும் இது தெரிந்த நோய்தான். இந்தியாவில் முதன்முதலாக மனிதரிடம் இதை அடையாளம் கண்டது 1955இல் வேலூரில். பன்றி, மூளைக்காய்ச்சல், கிராமம் என்று மூன்றும் சேர்ந்து வந்தால் எந்த மருத்துவரும் முதலில் இதைத்தான் நினைப்பார். போதாக்குறைக்கு, ஈப்போ நோயாளிகள் சிலரின் ரத்தத்தில் அந்த நோய்க்கான எதிர்ப்பொருளும் தென்பட்டது. நோய் வழக்கமாக உலவும் ஊரில் சிலர் ரத்தத்தில் எதிர்ப்பொருள் இருக்கத்தான் செய்யும். இப்போது ஆளைக் கொல்வது அதுதான் என்று அது சாட்சி சொல்லாது. இந்த வேறுபாட்டை அன்று அழுத்திச் சொல்ல ஆளில்லை.

உடனே இயந்திரம் ஓடத் தொடங்கியது. பண்ணைகளிலும் சுற்றுப்புறத்திலும் கொசுப் புகை அடித்தார்கள். மக்களுக்கும் பன்றிகளுக்கும் தடுப்பூசி போட்டார்கள். ஒரு குறையும் சொல்ல முடியாத அளவுக்கு ஒழுங்கான வேலை. ஆனால் அது வேறொரு நோய்க்கான வேலை.

கணக்கு உதைத்தது. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் பெரும்பாலும் பிள்ளைகளைத் தாக்கும். இங்கே விழுந்தவர்கள் நடுவயது ஆண்கள். தடுப்பூசி போட்டுக்கொண்டவர்களும் விழுந்தார்கள். அந்த நோய் வந்தால் பன்றி கரு கலைக்கும், ஆனால் இப்படி இருமிச் சாகாது. பண்ணை நாய்களும் செத்துக்கொண்டிருந்தன. எல்லாவற்றுக்கும் மேலாக, நோய் வந்தவர்கள் பன்றியைத் தொட்டுப் புழங்கியவர்கள். கொட்டகை கழுவியவர்கள், குட்டி பிடித்தவர்கள், ஊசி போட்டவர்கள், லாரியில் ஏற்றியவர்கள். பண்ணைக்கு அருகிலேயே இருந்த மலாய்க் கம்பங்களில் நோய் இல்லை. கொசுவுக்கு மதம் கிடையாது. கொசுதான் காரணம் என்றால் கம்பத்துக்காரர்களையும் அது கடித்திருக்க வேண்டும்.

இவ்வளவும் கொட்டகைக்குள் நின்றவர்களின் கண்ணில் பட்டவைதான். ஆய்வுக்கூடத்தின் ஒரு வரி முடிவு இவற்றையெல்லாம் ஓரம் தள்ளிவிட்டது. பேராக்கில் நடந்த பெரிய பிழை இதுதான் என்பது என் கருத்து. சந்தேகம் கேட்க வேண்டிய இடத்தில் சரியான விடை கிடைத்துவிட்டதாக நினைத்து விசாரணையையே முடித்துக்கொண்டார்கள்.

பயத்தில் பண்ணைக்காரர்கள் பன்றிகளை வந்த விலைக்குத் தள்ளினார்கள். லாரிகள் தெற்கே போயின. லாரியோடு நோயும் போனது. 1998 டிசம்பர் வாக்கில் நெகிரி செம்பிலானில், சிரம்பானை அடுத்த சிக்காமாட்டில் நோய் தலைகாட்டியது. அங்கிருந்து நாட்டின் மிகப் பெரிய பன்றி வளர்ப்பு வட்டாரமான புக்கிட் பெலண்டோக்குக்குப் பரவியது. அங்கேதான் பேரழிவு. 1999 பிப்ரவரி, மார்ச் மாதங்களில் குடும்பம் குடும்பமாக மருத்துவமனைக்குப் போனார்கள். மிச்சமிருந்தவர்கள் வீட்டைப் பூட்டிவிட்டு ஓடினார்கள். மார்ச்சில் சிங்கப்பூர். மலேசியப் பன்றிகளை அறுத்த கசாப்புக்கூடத்துத் தொழிலாளர்கள் 11 பேருக்கு நோய் வந்தது, ஒருவர் இறந்தார். அவர்கள் எந்தப் பண்ணைப் பக்கமும் போனதில்லை.

மலாயாப் பல்கலைக்கழகத்தில் சுவா காவ் பிங் என்ற மருத்துவர் கிருமியியல் பயிற்சியில் இருந்தார். மார்ச் மாதத் தொடக்கத்தில் இறந்த நோயாளிகளின் மூளைத் தண்டுவட நீரை எடுத்து, ஆய்வுக்கூடத்தில் வளர்க்கும் குரங்குச் சிறுநீரக உயிரணுக்களின் மேல் விட்டார். சில நாளில் நுண்ணோக்கியில் பார்த்தால் உயிரணுக்களின் சவ்வுகள் கரைந்து, பல சேர்ந்து ஒரே பெரிய அணுவாகக் கிடந்தன. உள்ளே உட்கருக்கள் மட்டும் கொத்தாக. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் கிருமி இப்படிச் செய்யாது. அணுக்களை இப்படி ஒட்டவைப்பது தட்டம்மை, பொன்னுக்கு வீங்கிக் கிருமிகளின் குடும்பத்துக்கு வழக்கம்.

சுவா அந்த மாதிரியைத் தாமே எடுத்துக்கொண்டு அமெரிக்காவுக்குப் பறந்தார். கொலராடோவில் ஃபோர்ட் காலின்ஸ் நகரில் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் கிளை ஆய்வுக்கூடம் இருக்கிறது. அங்கிருந்த எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தபோது சந்தேகம் தீர்ந்தது: தட்டம்மைக் குடும்பம்தான். அட்லாண்டாவில் இன்னொரு சோதனை செய்தார்கள். ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில் 1994இல் பந்தயக் குதிரைகளையும் ஒரு குதிரைப் பயிற்சியாளரையும் கொன்ற ஹெண்ட்ரா என்ற கிருமிக்கு இது நெருங்கிய உறவு என்று தெரிந்தது. ஹெண்ட்ராவின் பிறப்பிடம் பழந்தின்னி வௌவால் என்பது 1996இலேயே தெரிந்துவிட்டது. ஆக, மலேசியாவில் எங்கே தேட வேண்டும் என்பதற்கும் அப்போதே விடை கிடைத்துவிட்டது. மாதிரி கொடுத்த நோயாளி ஒருவர் வாழ்ந்த சுங்கை நிப்பா கிராமத்தின் பெயரையே கிருமிக்கு வைத்தார்கள். பேராக் பெயர் வரவில்லை என்று நாம் வருத்தப்பட வேண்டியதில்லை.

காரணம் தெரிந்த பிறகு காரியம் வேகமாக நடந்தது. கொசுப் புகை நின்றது. பன்றிக் கொட்டகைக்குள் ராணுவம் இறங்கியது. 1999 ஏப்ரல் 26 வரை மட்டும் 896 பண்ணைகளில் 9,01,228 பன்றிகளைக் கொன்று குழிகளில் புதைத்தார்கள். அதன் பிறகு நாடு முழுக்கப் பண்ணைகளைச் சோதித்து, கிருமி இருந்த இடங்களில் மீண்டும் அழித்தார்கள். மொத்தம் 11 லட்சத்துக்குக் குறையாது. அந்த வேலையில் இறங்கிய படைவீரர்கள் 1,412 பேரின் ரத்தத்தைப் பிறகு பரிசோதித்ததில் 6 பேருக்குக் கிருமி தொற்றியிருந்தது தெரிந்தது. மே மாதத்துக்குள் நோய் ஓய்ந்துவிட்டது. மலேசியாவில் நோய் கண்டவர்கள் 265, இறந்தவர்கள் 105. பிழைத்தவர்களிலும் சிலருக்கு மாதங்கள், ஆண்டுகள் கழித்து மூளைக்காய்ச்சல் திரும்ப வந்தது.

வௌவாலிடம் கிருமியைக் கையும் களவுமாகப் பிடிக்க வேண்டியிருந்தது. எதிர்ப்பொருள் இருப்பது பல வௌவால்களின் ரத்தத்தில் தெரிந்தாலும் உயிருள்ள கிருமி சிக்கவில்லை. சுவாவும் அவருடைய குழுவினரும் தியோமான் தீவுக்குப் போனார்கள். அங்கே ஊருக்கு நடுவிலேயே மரங்களில் ஆயிரக்கணக்கில் பழந்தின்னிகள் தலைகீழாகத் தொங்கும். வௌவாலைப் பிடிக்கவில்லை. இருட்டில் மரத்தடியில் பிளாஸ்டிக் விரிப்புகளைப் பரப்பினார்கள். இரை தேடிவிட்டு விடியலில் திரும்பும் வௌவால்கள் மேலிருந்து பெய்த சிறுநீரைச் சொட்டுச் சொட்டாக எடுத்து ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுவந்தார்கள். கீழே விழுந்து கிடந்த பாதி தின்ற பழங்களையும் பஞ்சால் துடைத்தெடுத்தார்கள். சிறுநீரிலும், வௌவால் கடித்துப் போட்ட ஜம்பு ஆயிர் பழத்திலும் நிப்பா கிடைத்தது. பல கோடி வெள்ளிப் பண்ணைத் தொழிலைச் சாய்த்த வழக்கில் இந்தச் சாட்சி ஒரு பிளாஸ்டிக் விரிப்பில் அகப்பட்டது.

சரி, தியோமான் வௌவாலுக்கும் தம்பூன் பன்றிக்கும் நடுவே என்ன நடந்தது?

ஈப்போவுக்கு அருகில் முதலில் நோய் கண்ட பண்ணையைப் பற்றிப் பின்னாளில் விரிவாக ஆராய்ந்தார்கள். 30,000க்கு மேற்பட்ட பன்றிகள். கொட்டகைகளை ஒட்டியே மாமரங்கள். பன்றிக் கழிவு மரத்துக்கு உரம், மாம்பழம் கூடுதல் வருமானம். ஒரே நிலத்தில் இரண்டு வரும்படி. எந்த விவசாயியும் மெச்சுவார். மாலையில் சுண்ணாம்புக் குன்றுகளின் மேலாகப் பழந்தின்னிகள் வந்து மாவில் இறங்கும். சாற்றை உறிஞ்சிவிட்டுச் சக்கையைத் துப்பும், கடித்த பழம் கீழே கொட்டகைக்குள் விழும், பன்றி தின்னும். அவ்வளவுதான்.

அப்படியானால் ஏன் 1998? பழமரம் அதற்கு முன்பும் இருந்தது, வௌவாலும் இருந்தது. இந்த இடத்தில் அறிஞர்கள் இரண்டாகப் பிரிகிறார்கள். சுவா சொன்ன விளக்கம் 1997இன் புகைமூட்டம். சுமத்ராவிலும் களிமந்தானிலும் காடு எரிந்து, எல் நினோ வறட்சியும் சேர்ந்து, காட்டில் பழம் இல்லாமல் வௌவால்கள் தோப்புகளுக்கு வந்தன என்பது. அந்த ஆண்டு நாமெல்லாம் வாயில் துணி கட்டிக்கொண்டு நடந்தவர்கள் என்பதால் இந்த விளக்கம் சட்டென்று பிடித்துப்போகிறது. ஆனால் பழைய மருத்துவப் பதிவுகளைக் கிளறியபோது, அந்த முதல் பண்ணையோடு தொடர்புடைய ஒருவருக்கு 1997 ஜனவரியிலேயே நிப்பா வந்திருந்தது தெரிந்தது. புகைமூட்டம் கவிழ்ந்தது அதே ஆண்டு பின்பாதியில்.

ஜூலியட் புல்லியம் தலைமையில் வந்த பிந்தைய ஆய்வு வேறு கணக்குப் போடுகிறது. முதல் முறை கிருமி பண்ணைக்குள் புகுந்தபோது எல்லாப் பன்றிகளையும் தொற்றித் தானும் அணைந்துவிட்டது. தேறிய தாய்ப் பன்றிகளின் குட்டிகளுக்குச் சில வாரம் தாய்ப்பாலின் பாதுகாப்பு இருந்தது. இரண்டாம் முறை கிருமி நுழைந்தபோது பண்ணையில் பாதிக்கு எதிர்ப்புச் சக்தி, பாதிக்கு இல்லை. அதனால் ஒரேயடியாகப் பரவி முடியாமல், ஒவ்வொரு வாரமும் பாதுகாப்பு தீர்ந்துவரும் புதுக் குட்டிகளைத் தொற்றித் தொற்றி மாதக்கணக்கில் உயிரோடு இருந்தது. பண்ணை சிறியதாக இருந்திருந்தால் கிருமி தானாகவே அணைந்திருக்கும். எனக்கு இந்த விளக்கமே சரியென்று படுகிறது. குற்றம் வௌவாலின் மேல் இல்லை. அது ஆதிகாலத்திலிருந்து தின்றதைத்தான் தின்றது. மாமரத்தடியில் 30,000 பன்றிகளை நிறுத்தியது நாம்.

வௌவாலிலிருந்து நோய் வந்து, அதை வேறு நோய் என்று நினைத்து ஆண்டுகளைத் தொலைத்த கதை நமக்கு முன்பே உண்டு. நம்மவர்கள் கரும்புக்காட்டுக்குப் போன டிரினிடாட் தீவில் 1925 முதல் மாடுகள் கால் விழுந்து செத்தன. நஞ்சுபட்ட தீவனம் என்றார்கள். 1929இல் சிப்பாரியா பக்கத்து மனிதர்களுக்கும் கால் விழுந்தது. இளம்பிள்ளைவாதம் என்றார்கள். ஜோசப் லெனாக்ஸ் பவான் என்ற உள்ளூர் மருத்துவர்தான் நுண்ணோக்கியில் மூளைத் திசுவைப் பார்த்து, இது வெறிநாய்க்கடி நோய், ஆனால் நாய் கடித்ததல்ல, ரத்தம் குடிக்கும் வௌவால் கடித்தது என்று 1930களில் நிறுவினார். நாய் வெறிபிடித்து ஓடுவதையே தேடிப் பழகிய கண்களுக்கு, சத்தமில்லாமல் கால் மரத்துப்போகும் ரேபிஸ் தெரியவில்லை.

ரத்தம் குடிக்கும் அந்த வௌவால் அமெரிக்கக் கண்டத்தைத் தாண்டி எங்கும் கிடையாது. நம் பக்கம் இல்லை. ஆனால் பழந்தின்னிகளும் முழுக்க விடுபட்டவை அல்ல. 1996இல் ஆஸ்திரேலியாவில் ஹெண்ட்ரா கிருமிக்காகப் பழந்தின்னிகளைச் சோதித்துக்கொண்டிருந்தபோது, பாலினா என்ற ஊரில் கிடைத்த ஒரு வௌவாலின் மூளையில் ரேபிஸின் நெருங்கிய பங்காளியான இன்னொரு கிருமி சிக்கியது. ஒன்றைத் தேடப்போய் இன்னொன்று. அதே ஆண்டு ஒரு பெண் அதனால் இறந்தார். 1998, 2013, 2025 ஆண்டுகளில் தலா ஒருவர். வழக்கமான ரேபிஸ் தடுப்பூசி அதற்கும் பலன் தருகிறது. மலேசியாவில் ரேபிஸ் என்றால் இன்றும் நாய்தான். தாய்லாந்து எல்லையோரம் நாய்களுக்குத் தடுப்பூசி போட்டு ஒரு வேலி போலக் காத்துவந்தும், 2015இல் பெர்லிஸ், கெடா, பினாங்கில் நுழைந்தது. 2017 முதல் சரவாக்கில் மனித உயிர்களை எடுக்கிறது. அதன் கதையை அடுத்த இதழில் எழுதுகிறேன். ஆனால் வௌவால் கீறினாலோ கடித்தாலோ சோப்புத் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே கிளினிக்குக்குப் போங்கள். அடுத்த இதழ் வரை காத்திருக்க வேண்டாம்.

நிப்பா நம்மிடம் திரும்பி வரவில்லை. 1999க்குப் பிறகு மலேசியாவில் மனிதருக்கு வந்ததாகப் பதிவு இல்லை. பண்ணைக்கு அருகில் பழமரம் கூடாது என்றாகிவிட்டது, பண்ணைகளின் எண்ணிக்கையும் பாதிக்குமேல் குறைந்துவிட்டது. ஆனால் வங்காளதேசத்தில் ஈச்சம்பதநீர் வழியாக அது வௌவாலிடமிருந்து நேரே மனிதருக்கு வந்தது, 2018இல் கோழிக்கோட்டில் மருத்துவமனை வராந்தா வழியாக மனிதரிடமிருந்து மனிதருக்கே தாவியது. நம் ஊரில் பன்றி இடைத்தரகராக இருந்ததால் பன்றியை அழித்து நோயை நிறுத்த முடிந்தது. அங்கே அந்த வசதி கிடையாது. தடுப்பூசியும் இன்னும் சோதனையில்தான் இருக்கிறது.

வௌவாலை அழித்தால் என்ன என்று கேட்பவர்கள் காம்பாரிலும் உண்டு. கேட்பவர்கள் டுரியான் பருவத்தில் சாலையோரம் கூடை கூடையாக வாங்கிச் சாப்பிடுகிறவர்களும்தான். டுரியான் பூ இரவில் விரியும். வௌவால் வந்து போனால்தான் நன்றாகக் காய்க்கும். தியோமான் தீவில் சிறுநீரில் நிப்பா கிடைத்த அதே இனப் பழந்தின்னிகள்தான் அங்கே டுரியானுக்கு மகரந்தம் சேர்ப்பதையும் பின்னர் ஆராய்ந்து சொன்னார்கள்.

ஒரு குறை எனக்கு உறுத்துகிறது. நிப்பாவைப் பற்றி மருத்துவ இதழ்களில் எழுதியது குவியலாக இருக்கிறது. சீனப் பண்ணைக்காரர்களின் இழப்பும் ஓரளவு பதிவாகியிருக்கிறது. நோயாளிகளில் இந்தியர்களும் இருந்தார்கள். ரப்பர் தோட்டங்கள் துண்டாடப்பட்டு லயங்கள் காலியான பிறகு கிடைத்த வேலைக்குப் போனவர்கள் நம்மவர்கள். பன்றிக் கொட்டகையில் வேலை என்று வெளியில் சொல்லக் கூச்சப்பட்ட குடும்பங்கள், மருத்துவமனைப் பதிவேட்டில் ஓர் இனப் பெயராக மட்டும் நின்றுவிட்டன. அவர்கள் பக்கக் கதையைத் தமிழில் நான் இதுவரை எங்கும் படிக்கவில்லை.

1998, 99ஆம் ஆண்டுகளில் தம்பூன், உலு பியா, கோப்பெங், காம்பார் பக்கத்துப் பண்ணைகளில் வேலை செய்தவர்கள், அவர்களின் பிள்ளைகள், ஈப்போ மருத்துவமனை வார்டில் அன்று பணியிலிருந்த தாதியர், லாரி ஓட்டியவர்கள் யாராவது இதைப் படித்தால் இதழ் முகவரிக்கு எழுதுங்கள். பெயர் போட வேண்டாம் என்றால் போடமாட்டோம். பன்றி எப்போது இரும ஆரம்பித்தது, உங்களிடம் யாராவது வந்து கேட்டார்களா என்பது மட்டும் தெரிந்தால்கூடப் போதும்.